ஏழாவது தூண்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் அப்படியே நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதையும் நீதான் திருத்திக் கொடுத்தாய்.

உன் மகன் உருண்டையை வழியனுப்பிய அன்று, ‘படைக்கு அனுப்பாதே’ என்று நான் சொன்னதும், ‘படிக்காம கம்பி கட்டப் போனவனுக்கு எம் புள்ள உத்தியோகம் பாக்கறது பொறுக்கல’ என்று நீ சொன்னதும், நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் எட்டு மாதமாக மனசில் கிடக்கிறது. கிடக்கட்டும். அந்தச் சண்டையைப் பிறகு உட்கார்ந்து நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் படை முகாமில் வடிகால் வேலையில் இருந்தேன். வேறு முகாமிலிருந்து மாற்றிய பையன்கள் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டியோடு வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக உருண்டை. இனி அந்தப் பெயர் செல்லாது, அரை ஆளாக இளைத்திருக்கிறான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போனது மூன்றாவது விடுதிக்கு. அந்த விடுதிக்குத் தூண் போட்ட மேஸ்திரி நான்தான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கான்கிரீட் போடுகிற ஒவ்வொரு நாளும், தூணுக்குப் போகிற அதே கலவையில் அரை அடி அளவுக்கு ஆறு கியூப் செய்து தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் கழித்து லேபில் அவற்றை நசுக்கிப் பார்ப்பார்கள். அதே கலவை என்பதெல்லாம் காகிதத்தில்தான். சைட்டில் கியூபுக்கென்று சிமெண்டைத் தாராளமாகப் போட்டுத் தனியாகக் கலப்போம். அதற்குப் பரீட்சைக் கலவை என்று பெயர். பதினேழு வருஷமாக நானும் கலக்கிறேன். எல்லோரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

ஏழாவது தூண் போட்ட அன்று லாரி நேரம் கழித்து வந்தது. கலவை இறுகிப் போயிருந்தது. குழாயை வைத்துத் தண்ணீர் விட்டு இளக்கச் சொன்னார்கள், இளக்கினோம். பரீட்சைக் கலவை ஐந்து அச்சுக்குத்தான் வந்தது. ஆறாவது அச்சில் தூண் கலவையையே அள்ளிப் போட்டேன். முந்தின நாள் மிஞ்சிய கியூப் ஒன்றைச் சேர்த்து லேபுக்கு ஆறாக அனுப்பிவிட்டு, இந்த ஆறாவதைத் தூக்கி எறிய மனமில்லாமல் என் அறைக்குக் கொண்டு வந்துவிட்டேன். அறைக்கதவு காற்றில் அடிக்கும். அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, அது உதிர்கிறது. காலையில் பெருக்கினால் கைநிறைய மணல் வருகிறது. கதவு இடித்து உதிர்கிற கான்கிரீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதை நான் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். காண்ட்ராக்ட் எண் இல்லாமல் அவர்கள் எழுதித் தரமாட்டார்கள். எண் முகாம் வாசல் பலகையில் இருக்கிறது, ஆனால் பலகை உள்பக்கம் பார்த்து நிற்கிறது. நானும் ஒன்றரை வருஷம் அதன் முதுகைத்தான் பார்த்தேன். வாசலில் சோதித்து, தலைகுனிந்து நேரே வேலைக்குப் போகச் சொல்வார்கள், திரும்பிப் பார்க்க விடமாட்டார்கள், வெளியே விடுவதும் பின்வாசல் வழியாகத்தான். நீ படைக் கட்டுமானத் துறையில் இருக்கிறாய். உன் பிரிவுக்குப் பெயரே வெளிப்படைத் தகவல் பிரிவு. அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு.

தம்பி

—

ஜனவரி 17

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டு மாதம் கழித்து எழுதுகிறாய், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. நன்றாக இருக்கிறேன்.

கேட்டவுடன் எண்ணை எழுதி அனுப்ப இது நம் வீட்டு மளிகைச் சீட்டு இல்லை. அதற்கு முறை இருக்கிறது. எந்தக் குடிமகனும் எந்தப் பணியின் ஒப்பந்த விவரத்தையும், துணை ஒப்பந்தக்காரர் பட்டியலையும் கேட்டுப் பெறலாம் என்று விதி வந்து நான்கு வருஷமாகிறது. அந்த விதிக்கு விண்ணப்பப் படிவம் தயாரித்ததே நான்தான். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறாவது கட்டத்தில் ‘கோரும் காரணம்’ என்பதைக் காலியாக விடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பதுதான் இதன் சிறப்பு. முப்பது நாளில் பதில் வரும்.

நீ எப்போதும் பெரிதுபடுத்துகிறவன். சின்ன வயதில் பல்லி விழுந்ததற்கே கூரை விழுந்தது என்று ஓடிவந்தாய். கட்டடத்தை இஞ்சினியர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் பையன்களை உள்ளே விட்டிருப்பார்கள்.

பரீட்சைக் கலவை என்று நீ எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். பதினேழு வருஷமாகவா?

அக்கா

—

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

உன் படிவம் அழகாக இருந்தது. கட்டங்கள் நேர்கோட்டில் இருந்தன. நிரப்பி அனுப்பினேன், முப்பத்தோராம் நாள் பதில் வந்துவிட்டது. ஒப்பந்த எண் என்ற இடத்தில் கறுப்புப் பட்டை. ஒப்பந்தக்காரர் என்ற இடத்தில் கறுப்புப் பட்டை. துணை ஒப்பந்தக்காரர் என்ற இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று பளிச்சென்று தெரிந்தது. கடைசியில், ‘பாதுகாப்புக் காரணங்களால் மறைக்கப்பட்டது’. அதற்குக் கீழே உன் சுருக்கக் கையெழுத்து.

டெண்டர் எடுத்த கம்பெனி ஒருவருக்குக் கொடுத்தது. அவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொரு ஆளுக்கு. அந்த ஆளுக்குக் கீழே நான். எனக்குக் கீழே இருபத்திரண்டு பேர். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரை அடைத்திருக்கிறாய் பார். ஏசுவதற்காக எழுதவில்லை. இல்லை, ஏசத்தான் எழுதுகிறேன்.

லேப் ஆளிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். ‘நம்பர் இல்லாம நசுக்கித் தரேன், வாயால சொல்லுவேன், எழுதித் தரமாட்டேன்’ என்கிறார். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கியூப். நசுக்கினால் போய்விடும்.

தம்பி

—

மார்ச் 2

தம்பிக்கு,

கறுப்புப் பட்டை போடுவது நான்தான். எந்த வரி என்று மேலே இருந்து பென்சிலில் கோடிட்டு வரும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது விண்ணப்பம். உன்னுடையது என்று எனக்குத் தெரியவே இல்லை. பெயர்க் கட்டத்தை மடித்துத்தான் எங்கள் மேசைக்கு அனுப்புவார்கள், பாரபட்சம் இருக்கக்கூடாதென்று.

அவன் கார்டு வந்தது. அங்கே முதல் வருஷம் போன் கிடையாது, வாரம் ஒரு கார்டுதான். அப்படியே எழுதுகிறேன். ‘அம்மா, எனக்குக் கட்டில் நம்பர் 14. தூண் பக்கத்துல. சாஞ்சு உக்காந்து படிக்க வசதியா இருக்கு. காலைல போர்வைய உதறினா மணல் மாதிரி விழுது, ஏதோ பழைய கட்டடம் போலன்னு சொன்னா சிரிக்கிறாங்க, புதுசாம்.’

போன கடிதத்தோடு நீ வரைந்து அனுப்பியிருந்த விடுதிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வாசலிலிருந்து இடப்பக்கம் எண்ணினால் பதினான்காவது கட்டிலும் ஏழாவது தூணும் ஒரே இடம்.

தனிச் சீட்டில் எண் இருக்கிறது. எழுதிக்கொண்டு சீட்டை எரித்துவிடு. இருபத்தாறு வருஷ சர்வீசில் ஒரு குண்டூசியைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

சாப்பிடாமல் போன அன்று உன் தட்டை மூடி வைத்திருந்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா

—

மார்ச் 15

அக்கா,

கியூபைப் பழைய துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, ‘தேங்காயா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

லேப் ஆள் எண்ணை எழுதிக்கொண்டு இயந்திரத்தில் வைத்தார். நல்ல கியூப் உடையும்போது காது அடைக்கிற மாதிரி சத்தம் வரும், எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். இது சத்தமே போடவில்லை. முள் ஏறியது, பாதியை எட்டுவதற்குள் இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிசைந்து வைத்த மாவு மாதிரி கிடக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘தம்பி, இது எந்தக் கட்டடம்? இப்ப யாராச்சும் உள்ள இருக்காங்களா?’ என்றார். நாற்பது பேர் தூங்குகிறார்கள் என்றேன். உடனே அறிக்கை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். வேண்டிய வலுவில் பாதிகூட இல்லை.

அறிக்கையை வைத்து மனு எழுதி உங்கள் துறைக்கே அனுப்பிவிட்டேன். பரீட்சைக் கலவை, தண்ணீர் விட்டது, கியூப் மாற்றியது என்று எல்லாவற்றையும் நான் செய்தேன் என்றே எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என்னைப் பிடித்து உள்ளே போட்டாலும் சரி. பையன்களை அந்த விடுதியிலிருந்து மாற்றினால் போதும்.

இந்த முறை மடிக்க வேண்டாம் என்று சொல், பெயர் தெரியட்டும்.

தம்பி

—

ஏப்ரல் 6

தம்பி,

பதில் உனக்கு இதற்குள் வந்திருக்கும். படித்திருப்பாய். நான் சொல்வதையும் படித்துவிட்டு என்னைத் திட்டு.

உன் மனு என் மேசைக்கே வந்தது. அதோடு பதிலும் எழுதியே வந்தது. ‘மேற்படி பணியில் துணை ஒப்பந்தம் எதுவும் வழங்கப்படவில்லை. ஆகவே மனுதாரர் அங்கு பணிபுரிந்ததற்குப் பதிவு இல்லை. ஆகவே அவர் அனுப்பிய மாதிரி அக்கட்டடத்தைச் சார்ந்தது அல்ல.’ அந்த இரண்டு ‘ஆகவே’யும் நான் எழுதியது இல்லை.

அதிகாரியிடம் போனேன். என் மகன் அங்கே இருக்கிறான் என்று சொன்னேன். அவர் கத்தவில்லை, எழுந்து கதவைச் சாத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ‘என் தங்கச்சி பையனும் அங்கதான் மேடம் இருக்கான். பயமா இருந்தா நான் விடுவேனா? ஆறு கியூபும் பாஸ், ஃபைல பாருங்க’ என்றார். பார்த்தேன். ஆறும் பாஸ்தான். நீ செய்த ஆறு. பிறகு தாழ்ந்த குரலில், ‘அந்தாளுக்குக் காண்ட்ராக்ட் நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு நான் கேக்கப்போறதில்ல. நீங்க கையெழுத்துப் போடுங்க’ என்றார்.

அவனை இடம் மாற்றக் கேட்டேன். காரணம் எழுத வேண்டுமாம். என்ன காரணம் எழுதுவேன்? தூண் பலவீனம் என்று எழுதினால், தூண் பலவீனம் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆமாம், போட்டேன். நீ அங்கே வேலை செய்ததே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். பேனா மூடியைக்கூட மூடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன், பையெல்லாம் மை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அக்கா

—

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் வந்தது, உன் மேல்தான். இரண்டு நாள் கழித்து என் மேல் வந்தது. ஃபைலில் பாஸ் என்று இருக்கிற ஆறையும் செய்தது நான்தானே. உன்னைத் திட்ட வாயைத் திறந்தால் அது என் பக்கமே திரும்புகிறது.

சிரிக்கிற விஷயம் ஒன்று சொல்கிறேன். நான் அங்கே வேலையே செய்யாதவன் என்று நீ எழுதிய பத்தாம் நாள், அதே விடுதிக்குப் பட்டி பார்த்து வெள்ளையடிக்க என்னையே கூப்பிட்டார்கள். பெயிண்ட் வேலையை எடுத்தவனுக்குக் கீழே ஒருவன், அவனுக்குக் கீழே நான். இப்போது மூன்றாவது கை.

ஏழாவது தூணில் விரிசல் இருக்கிறது. மயிரிழைதான், மேலிருந்து கீழே கோணலாக ஓடுகிறது. ‘பட்டி போட்டு அடைச்சு அடிச்சிரு, வெளிய தெரியக் கூடாது’ என்று சொன்னார்கள். அடைத்தேன் அக்கா. அடைக்காவிட்டால் அந்த நிமிஷமே என்னை வெளியே அனுப்பி வேறு ஆளை வைத்து அடைப்பார்கள். ஆனால் கட்டிலுக்குப் பின்னால், அவன் டிரங்குப் பெட்டி நிற்கிற இடத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு சாண் அளவுக்கு அடைக்காமல் விட்டேன். அந்த விரிசலுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி ஒட்டியிருக்கிறேன். பழைய கட்டடங்களில் இப்படிச் செய்வோம். விரிசல் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும், துளி அசைந்தாலும் பட்டென்று உடைந்துவிடும்.

உருண்டை பயிற்சி முடிந்து வந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, ‘மாமா!’ என்று வந்தவன், சட்டென்று விறைத்து நின்றான். வேலையாட்களோடு பேசக்கூடாதாம். பெட்டியை நகர்த்துகிற சாக்கில் குனிந்து அவனுக்குக் காட்டினேன்.

‘தெனமும் இதப் பாரு. ஒடஞ்சிருந்தா உள்ள நிக்காத, ஓடிரு.’

‘உத்தரவு இல்லாம ஓடக்கூடாது மாமா.’

‘மொதல்ல ஓடுடா, அப்புறமா உத்தரவு கேளு.’

‘மத்தவங்க?’

பிரஷ்ஷை வாளியில் தோய்த்துக்கொண்டே இருந்தேன் அக்கா. அதற்குள் மணி அடித்துவிட்டது, போய்விட்டான்.

தம்பி

—

மே 4

தம்பிக்கு,

அவன் கார்டுகளில் இப்போது முதல் வரி, ‘கண்ணாடி நலம்.’ மூன்று கார்டு வந்துவிட்டது. அடுத்த கார்டு வரும்வரை அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் சமைக்கிறேன், ஆபீசுக்குப் போகிறேன்.

இன்னொரு செய்தி. உன் மனுவை யாரோ பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நீயா? நீயாகத்தான் இருக்கும். இரண்டு பத்தி வந்தது. உடனே துறையில் பரபரப்பு. ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்று காட்ட, பதினைந்தாம் தேதி அந்த முகாமைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கிறார்கள். குடும்பத்தார் வரலாம், பத்திரிகைக்காரர்கள் வரலாம், விடுதிக்குள் போய்ப் பார்க்கலாம். பார்வையாளர் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு! அழைப்பிதழையும், முகாமில் செய்யவேண்டிய ஏற்பாடுகள் பற்றிய மூன்று பக்கக் குறிப்பையும் நானே டைப் அடித்தேன். பழைய குறிப்பு ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் அடித்து, அன்றைக்கே அனுப்பினேன். எங்கே மனசு மாறிவிடுவார்களோ என்று பயம். இத்தனை வருஷத்தில் என் வேலையை நான் இவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை.

அத்தனை பேர் முன்னால் நான் என்ன கேட்கவேண்டும் என்று எழுது.

அக்கா

—

மே 9

அக்கா,

நானேதான் அனுப்பினேன்.

நீ எதுவும் கேட்காதே. கேள்வி கேட்டால் பதில் எழுதி வைத்திருப்பார்கள். பத்திரிகைக்காரர் யாராவது பக்கத்தில் வரும்போது அவன் பெட்டியைத் தற்செயலாக நகர்த்துகிற மாதிரி நகர்த்து. தூணில் கண்ணாடியைப் பார்த்தால் ‘இது என்ன?’ என்று யாராவது கேட்டே ஆகவேண்டும். கண்ணாடி எதற்கு ஒட்டுவார்கள் என்று இஞ்சினியர் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவர்களாகவே ஆளை இறக்கிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். உடையாத கண்ணாடியாக இருந்தாலும் பரவாயில்லை, பார்க்கட்டும்.

தம்பி

—

மே 16

தம்பி,

நேற்றுப் போய் வந்தேன்.

வாசல் பலகையைத் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஒரே ஒரு கம்பெனியின் பெயர். எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள்.

மூன்றாவது விடுதிக்குள் அறுபது, எழுபது பேர் ஒரே வரிசையாகப் போனோம். பையன்கள் ஆளுக்கொரு கட்டில் பக்கத்தில் விறைத்து நின்றார்கள். நீ அடித்த வெள்ளை அப்படியே இருக்கிறது, திட்டில்லை, கோடில்லை. நீ நல்ல வேலைக்காரன்தான். அதிகாரி சுவரைத் தட்டிக் காட்டினார். யாரோ ஒருவர் குளியலறையில் எத்தனை குழாய் என்று கேட்டார், அதற்கு வெகுநேரம் பதில் சொன்னார்கள்.

பதினான்காவது கட்டிலுக்கு வந்ததும் ஒரு பத்திரிகைக்காரி என் பக்கத்தில்தான் இருந்தாள். எல்லாம் நீ சொன்ன மாதிரியே அமைந்தது. ஆனால் பெட்டியை நான் நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. அது கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. தூண் முழுவதும் வெள்ளை. குனிந்து, முழங்கால் உயரத்தில் கையை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. விரிசல் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, ‘கால் வலிக்குதாம்மா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவன் உதடு அசையாமல் பேசினான்.

‘நீங்கல்லாம் பாக்க வர்றீங்கன்னு எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா. நானேதான் எடுத்தேன். உத்தரவு.’

‘யாரு உத்தரவு?’

கண்ணால் கதவைக் காட்டினான். அங்கே மூன்று பக்கக் குறிப்பு ஒட்டியிருந்தது. ஒன்பதாவது வரி: ‘சுவர்கள், தூண்கள் ஆகியவற்றில் ஒட்டப்பட்டுள்ள அனைத்தும் அகற்றப்பட வேண்டும்.’ முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி. என்னைத் தவிர எங்கள் ஆபீசில் யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள். பழைய குறிப்பில் இருந்தது, பார்த்து அப்படியே அடித்திருக்கிறேன். அந்த வரியை அடித்ததாகவே எனக்கு நினைவில்லை.

‘எடுக்கும்போது முழுசா இருந்துதா?’ என்று கேட்டேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்பானே, அதே முகம்.

‘அவசரப்படுத்தினாங்கம்மா, உளியால தட்டி எடுத்தேன். கையில வரும்போது ரெண்டா இருந்துது. முன்னாடியே ஒடஞ்சிருந்துதா, நான் தட்டினதுல ஒடஞ்சுதான்னு பாக்கல.’

வரிசை நகர்ந்துவிட்டது. போகும்போது என் கையில் எதையோ திணித்தான். வெளியே வந்து பார்வையாளர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘மிகச் சுத்தமாக இருக்கிறது’ என்று நிறையப் பேர் எழுதினார்கள். இன்றைக்கும் அவன் அங்கேதான் படுப்பான்.

இரண்டு துண்டையும் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விளிம்பில் கொஞ்சம் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது, அதை நான் துடைக்கவில்லை. பார்த்தால் உனக்குத் தெரியுமா தம்பி? தூண் உடைத்ததா, பிள்ளை உடைத்ததா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? உடனே எழுது. இல்லை, எழுதாதே, போன் செய். நான் எடுக்கிறேன்.

அக்கா